திரையில் தெரியும் சிவப்பு மீன்தானா?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்துபோய் கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ஏறினால், பாதை முடிகிற இடம் பெலாபுஹான் கிள்ளான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பூலாவ் கெத்தாம் போகும் படகுத்துறை. அந்தக் கரையோரத்தில் வார இறுதியில் தூண்டிலும் ஐஸ் பெட்டியுமாக நிற்பவர்களில் நம்மவர்களும் உண்டு. நாலு பேர் பங்கு போட்டு ஒரு ஃபைபர் போட் எடுப்பார்கள். அதில் ஸ்டீயரிங் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வண்ணத்திரை ஒளிர்ந்துகொண்டிருக்கும். அதன் பெயர் எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பி, அது திரும்புவதைக் கொண்டு ஆழம் அளக்கும் கருவி). கடைக்காரர்கள் ஃபிஷ் ஃபைண்டர் என்பார்கள். அந்தப் பெயரை அப்படியே நம்பிவிடுவதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

அது மீனைக் காட்டும் கருவி இல்லையா? இல்லை. அது எதிரொலியைக் காட்டும் கருவி. மீனிலிருந்தும் எதிரொலி வரும். சேறு, குப்பை, காற்றுக்குமிழ், உங்கள் நங்கூரக் கயிறு எல்லாவற்றிலிருந்தும் வரும். எது எது என்று பிரித்துச் சொல்வது உங்கள் கண்ணின் வேலை.

வேலை செய்யும் விதம் எளிது. போட்டின் அடியிலோ பின்பலகையிலோ டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் உறுப்பு) இருக்கும். அது கீழே ஓர் ஒலித்துடிப்பை அனுப்பும். கடல் நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைப்போல் நாலு மடங்குக்கும் மேல். அடிமட்டம் 15 மீட்டரில் இருந்தால் போக 15, வர 15, மொத்தம் 30 மீட்டர். நொடியில் ஐம்பதில் ஒரு பங்கில் எதிரொலி வந்து சேர்ந்துவிடும். அந்த நேரத்தைப் பாதியாக்கி ஆழமாக மாற்றுகிறது கருவி.

அந்தக் காலத்து மாலுமிகள் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கித்தான் ஆழம் பார்த்தார்கள். ஜெர்மனியின் அலெக்சாண்டர் பெம், டைட்டானிக் மூழ்கிய 1912க்குப் பிறகு எதிரொலியால் ஆழம் காணும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1948இல் ஜப்பானின் நாகசாக்கியில் ஃபுருனோ சகோதரர்கள் அதே முறையை மீன் தேடுவதற்குக் கொண்டுவந்தார்கள். முதலில் காகிதச் சுருளில் கறுப்புக் கோடாக விழுந்தது பிறகு வண்ணத்திரைக்கு மாறியது.

சரி, வண்ணம் எதைச் சொல்கிறது? எதிரொலியின் பலத்தை மட்டும். பெரும்பாலான கருவிகளில் செம்பழுப்பும் சிவப்பும் பலமான எதிரொலி, மஞ்சள் நடுத்தரம், பச்சையும் வெளிர்நீலமும் பலவீனம். சிவப்பாகத் தெரிவதால் அது பெரிய மீன் என்றோ, நல்ல ஜாதி மீன் என்றோ ஆகிவிடாது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மீன் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதனால் ஒலி அதற்குள் அதிகம் தடைபடாமல் போய்விடும். ஒலியை முட்டித் திருப்புவது முக்கியமாக மீனுக்குள் இருக்கும் காற்று. சந்தையில் மீனை வகிரும்போது வெள்ளையாக, பலூன் மாதிரி ஒரு பை வருமே, அதுதான் நெட்டி (மீன் வயிற்றிலுள்ள காற்றுப்பை). சீனர்கள் காயவைத்து சூப்பில் போடுவதும் அதைத்தான். நெட்டி உள்ள மீன் திரையில் பளிச்சென்று விழும். இல்லாதது மங்கும்.

நம் கடலில் கிடைக்கும் கெலாமா (பன்னா), சியாக்காப் (கொடுவா), கேராப்பு (கலவா) எல்லாம் நெட்டி உள்ளவை. தெங்கிரிக்கு (வஞ்சிரம்) நெட்டி கிடையாது. திருக்கைக்கும் கணவாய்க்கும் கிடையாது. ஆகவே கால் கிலோ கெலாமாக் கூட்டம் சிவப்பாகத் தெரிகிற அதே திரையில், கைநீளத் தெங்கிரி வெளிர்நீலக் கீற்றாகக் கடந்துபோகும். தெங்கிரி தேடிப் போகிறவர் சிவப்புக்காகக் காத்திருந்தால் மீன் தாண்டிப் போய்விடும்.

கெலாமா அந்த நெட்டியை அதிரவைத்து முனகும். திரெங்கானுவின் செத்தியு பக்கத்தில், தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தி அந்த முனகலைக் காதால் கேட்டே கூட்டம் எங்கே என்று சொல்லும் மீனவர்கள் இருந்தார்கள். கேட்பவரை ஜூரு செலாம் என்பார்கள். அவர்கள் மீன் எழுப்பும் ஒலியைக் கேட்டார்கள். நம் கருவி தானே ஒலி எழுப்பிக் கேட்கிறது. இரண்டுக்கும் கைகொடுப்பது அந்தக் காற்றுப்பைதான்.

இனி, புதிதாகப் பார்க்கும் எல்லோருக்கும் வரும் சந்தேகம். திரை கடலுக்குள் எடுத்த படமா? இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை தெரிவதெல்லாம் இப்போது போட்டின் கீழே இருக்கிறதா? இல்லவே இல்லை. வலது ஓரத்தில் உள்ள ஒரே ஒரு நிற்கும் கோடுதான் “இப்போது”. அதற்கு இடப்பக்கம் உள்ளதெல்லாம் நடந்து முடிந்தது. திரை ஒரு நாட்குறிப்பு மாதிரி. புதிய வரி வலப்பக்கம் எழுதப்படும், பழைய வரி இடப்பக்கம் நகரும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பூலாவ் கேரி பக்கம் போட் ஓட்டிய ஒரு பெரியவர். நங்கூரம் போட்டு நின்றிருந்தோம். திரையில் 9 மீட்டரில் ஒரு நீண்ட மஞ்சள் கோடு, பத்து நிமிடமாக. “அண்ணே, கீழே பெரிய வரிசையா மீன் நிக்குது” என்றேன். அவர் பதில் சொல்லாமல் என் தூண்டில் நரம்பைப் பிடித்து இரண்டு முழம் மேலே தூக்கினார். மஞ்சள் கோடும் மேலே ஏறியது. விட்டார், இறங்கியது. திரையில் ரம்பப் பல் மாதிரி ஒரு வளைவு. “அது உன் ஈயக்குண்டு, தம்பி. போட் நிக்குது, குண்டும் நிக்குது. அப்புறம் கோடு நீளாம என்ன செய்யும்?” என்றார்.

போட் நின்றால் கீழே அசையாமல் நிற்கும் ஒரே மீனும் நீளக் கோடாகும். போட் மெதுவாக ஓடினால் அதே மீன் கவிழ்த்த பிறை மாதிரி விழும். போட் வேகமாகப் போனால் ஒரு புள்ளிதான். ஆகவே குறியின் நீளத்தை வைத்து மீனின் அளவைக் கணக்கிடாதீர்கள். குறி எவ்வளவு தடிப்பு, நடுவில் என்ன நிறம் என்று பாருங்கள்.

மீன் நேர் கீழேதான் இருக்குமா? அதுவும் உறுதியில்லை. ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி கூம்பாக விரிந்து இறங்கும். கூம்பு 20 பாகை என்றால், 10 மீட்டர் ஆழத்தில் அது மூடும் வட்டத்தின் குறுக்களவு சுமார் மூன்றரை மீட்டர், 20 மீட்டரில் 7 மீட்டர். அந்த வட்டத்தில் மீன் இடப்பக்கமா வலப்பக்கமா என்று சாதாரணக் கருவிக்குத் தெரியாது. இன்னொன்று, கருவி கீழேதான் பார்க்கும். முன்னால் வரும் மேட்டையோ கப்பலையோ அது சொல்லாது.

அலைவெண் (ஒலி நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்ற கணக்கு) எதை வைப்பது? பல கருவிகளில் 50, 200 கிலோஹெர்ட்ஸ் என இரண்டு இருக்கும். 50 ஆழக்கடலுக்கு, அதன் கூம்பு அகலம். 200 ஆழமில்லாத கடலுக்கு, நுணுக்கம் அதிகம். மலாக்கா நீரிணை நம் பக்கம் ஆழமில்லாதது, சிறுபடகு போகும் தூரத்தில் 200 போதும்.

அதிக நேரம் செலவிட வேண்டிய பொத்தான் கெயின் (எதிரொலியைப் பெருக்கும் அளவு). ரேடியோவின் சத்தம்போல நினைத்துக்கொள்ளுங்கள். கூடினால் திரை முழுக்கப் புள்ளி மழை, குறைந்தால் நெட்டியில்லாத மீன் எல்லாம் மறைந்துவிடும். போட்டை நிறுத்தி, கெயினை மெதுவாக ஏற்றுங்கள். நடுநீரில் மெல்லிய புள்ளிகள் தூவ ஆரம்பிக்கும். அங்கிருந்து கொஞ்சம் இறக்கி விடுங்கள். பெருமழைக்குப் பிறகு கிள்ளான் ஆற்றுமுகத்தில் தண்ணீர் தே தாரேக் நிறத்தில் குப்பையும் நுரையுமாக வரும். அன்றைக்குப் போன வாரத்துக் கெயின் உதவாது, திரும்ப வைக்க வேண்டும். பெரிய கப்பல் கடந்துபோன தடத்தில் மேலிருந்து சிவப்புத் திரை தொங்கினால் அது காற்றுக்குமிழ், கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். திரை முழுக்கச் சாய்கோடுகள் விழுந்தால், பக்கத்துப் படகின் கருவியும் அதே அலைவெண்ணில் ஓடுகிறது என்று அர்த்தம்.

மீன் பொம்மை காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள் என்பது என் கருத்து. கருவி தானாக முடிவெடுத்து மரக்கிளைக்கும் மீன் பொம்மை போட்டுவிடும். பொம்மைக்குப் பழகிய கண் உண்மையான குறியைப் படிக்கக் கற்றுக்கொள்வதில்லை.

மீனைவிட முதலில் படிக்க வேண்டியது அடிமட்டத்தை. சேறு ஒலியை விழுங்கும், அதனால் அடிக்கோடு மெலிந்து சீக்கிரமே மங்கிவிடும். பாறையோ கெட்டி மணலோ என்றால் செம்பழுப்புப் பட்டை தடிமனாக, கீழே நீண்ட வாலோடு தெரியும். ஆழத்தின் இரு மடங்கில் இன்னொரு அடிக்கோடும் வரலாம். 12 மீட்டரில் அடி, 24 மீட்டரில் அதன் நிழல். ஒலி அடியில் பட்டு, நீர்மட்டத்தில் பட்டு, மறுபடி போய் வந்ததன் அடையாளம் அது. கிள்ளான், லங்காட் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் சேற்றுப் பரப்பில் இப்படி ஒரு கெட்டித் துண்டு தென்பட்டால் உடனே ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளுங்கள். ஜெனாஹாக் மீனும் கேராப்பும் அப்படிப்பட்ட இடத்தை ஒட்டித்தான் நிற்கும். தூண்டில்காரர்கள் லுபோக் என்று ரகசியமாக வைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த மாதிரித் துண்டுகளைத்தான்.

பொருத்தும்போது என்ன கவனிக்க வேண்டும்? டிரான்ஸ்டியூசர் முகத்தில் காற்றுக்குமிழ் படக்கூடாது, அவ்வளவுதான். புரோப்பல்லருக்கு மிக அருகில் வைக்காதீர்கள். கெட்டி ஃபைபர் உடம்பென்றால் உள்ளிருந்தே எப்பாக்சி வைத்து ஒட்டலாம், பசையில் குமிழ் இல்லாமல். மரச் சம்பானில் அது நடக்காது. பின்பலகையிலோ பக்கத்தில் ஒரு கழியிலோ கட்டித்தான் இறக்க வேண்டும். போட் கரையில் கிடக்கும்போது கருவியை ஓடவிடாதீர்கள், சில வகை டிரான்ஸ்டியூசர் தண்ணீர் இல்லாமல் சூடேறிக் கெட்டுவிடும். அதன் முகத்தில் கொட்டலசு ஒட்டியிருந்தால் கத்தியால் சுரண்டாமல் மெதுவாக எடுத்து, சோப்பு நீரால் துடையுங்கள். வயர் நீளமாக இருக்கிறதென்று வெட்டவும் வேண்டாம், சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

இனி, மீனே கிடைக்காத நாளிலும் இந்தக் கருவி உங்களுக்கு எதற்கு வேண்டும் என்று சொல்கிறேன். கிள்ளான் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் நாலு மீட்டரைத் தாண்டும். அட்டமி, நவமி பக்கம் அது நன்றாகக் குறையும். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும் என்பது தெரியும். அந்த வாரம் கடலும் பெருத்திருக்கும், அதே அளவுக்கு வற்றவும் செய்யும்.

கணக்குப் பாருங்கள். பௌர்ணமியன்று ஏற்றத்தின் உச்சத்தில் அலையாத்திக் காட்டு ஓடை ஒன்றில் நுழைகிறீர்கள். திரை 3.5 மீட்டர் என்கிறது. தாராளம் என்று தோன்றும். ஆறு மணி நேரத்துக்குச் சற்றுப் பிறகு அங்கே தண்ணீரே இருக்காது. போட் சேற்றில் உட்கார்ந்துவிடும். இறங்கித் தள்ளவும் முடியாது, அந்தச் சேறு இடுப்புவரை இழுக்கும். அடுத்த ஏற்றம்வரை, பல சமயம் இருட்டில், கொசுக்கடியில் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே திரையில் தெரியும் எண்ணை “இந்த நேரத்து ஆழம்” என்று மட்டும் படியுங்கள். அதோடு அன்றைய பாசாங் சூருட் அட்டவணையை (ஏற்ற வற்று நேரங்களும் உயரங்களும்) பக்கத்தில் வையுங்கள்.

அந்த எண் எங்கிருந்து எங்கே அளந்தது என்பதையும் ஒரு தடவை உறுதிசெய்யுங்கள். அமைப்பை மாற்றாவிட்டால் பல கருவிகள் டிரான்ஸ்டியூசருக்குக் கீழே உள்ள ஆழத்தைத்தான் காட்டும். உங்கள் எஞ்சின் கால் அதைவிடக் கீழே தொங்கும். தண்ணீர் அசையாத நாளில் ஒரு கயிற்றில் குண்டு கட்டி இறக்கி அளந்து, திரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

பிறகு ஆழ எச்சரிக்கையை 2 மீட்டரிலோ, உங்கள் போட்டுக்கு ஏற்ற அளவிலோ வையுங்கள். பொழுது சாய்ந்து திரும்பும்போது, கப்பல் தடத்துக்கு வெளியே கரையோரமாக வந்தாக வேண்டும். நார்த்போர்ட்டுக்கும் வெஸ்ட்போர்ட்ஸுக்கும் வரும் கொள்கலன் கப்பலால் உங்களுக்காக நிற்க முடியாது. அப்போது திரையின் எண்ணை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். 4.1, 3.6, 2.9 என்று இறங்கினால் எஞ்சினை உடனே தணியுங்கள். வந்த வழியே ஜிபிஎஸ் கோட்டைப் பிடித்துத் திரும்பி, எண் ஏறுகிறதா பாருங்கள். ஏறவில்லை, போட்டும் தட்டிவிட்டது என்றால் எஞ்சினை நிறுத்திக் காலை மேலே தூக்குங்கள், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள், 999ஐ அழைத்து நிற்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண்களைச் சொல்லுங்கள். அந்த எண்கள் பெரும்பாலும் அதே வண்ணத்திரையின் ஒரு மூலையிலேயே இருக்கும். எந்த மூலை என்று புறப்படுவதற்கு முன்பே போட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.