என் ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகள்

டீச்சர் என்றால் பலருக்கும் கணக்கு டீச்சரோ சயின்ஸ் டீச்சரோதான் நினைவுக்கு வரும். நான் ஒண்ணாங் கிளாஸ் டீச்சர். "அ, ஆ சொல்லிக் கொடுக்கிறது என்ன பிரமாதமான வேலையா அண்ணி?" என்று என் நாத்தனாரே கேட்டதுண்டு. திண்டுக்கல் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 37 வருஷம் அதைத்தான் செய்தேன். 2023 மே மாதம் ஓய்வு பெற்றேன். மறுபடி ஒரு வேலை கொடுத்தால் அதே ஒண்ணாம் வகுப்பைத்தான் கேட்பேன்.

அது ஒரு தனி உலகம், சகோதரிகளே! ஜூன் மாதம் அம்மாவின் முந்தானையை விடமாட்டேன் என்று அழுகிற குழந்தை, ஆடி பிறப்பதற்குள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆறு வயதில் கீழ்ப்பல் விழ ஆரம்பிக்குமே, விழுந்த பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். பென்சில் சீவித் தருவது, மூக்கைத் துடைத்துவிடுவது, "இவன் என்னைக் கிள்றான் டீச்சர்" வழக்குகளைத் தீர்ப்பது... இதற்கு நடுவேதான் படிப்பு.

நான் 'அ'வில் தொடங்குவதில்லை. அது சுழித்து வளைக்க வேண்டிய எழுத்து; பிஞ்சு விரல் திணறும். முதலில் ட, ப. வெறும் கோடுகள்தானே! அப்புறம் ம. இந்த மூன்றும், மேலே வைக்க ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். ப... ட... ம்... என்று உதடு முணுமுணுக்கும். திடீரென்று தலை நிமிரும். "டீச்சர், படம்!" அந்த முகம் இருக்கிறதே, ஒவ்வொரு வருஷமும் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். அந்த வருஷம் ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 18 பேர். பெயர் தெரியும், பிறந்த தேதி தெரியும், முகம் தெரியாது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது. நானும் செல்போனில் அனுப்பினேன். ஆனால் வீட்டுக்கு ஒரு போன். அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். ராத்திரி எட்டு மணிக்குத் தூங்கி வழிகிற குழந்தைக்கு எழுத்து எப்படி ஏறும்?

சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தபோது, வாங்க வந்த ஒரு தாய் மகளையும் அழைத்து வந்திருந்தார். அது என்னை மேலும் கீழும் பார்த்தது. "அம்மா, டீச்சர் போனை விட்டு வெளியே வந்துட்டாங்க!" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

2021 நவம்பர் 1-ம் தேதி கதவு திறந்தபோது அவர்கள் இரண்டாம் வகுப்பு! ஒண்ணாம் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராத இரண்டாம் வகுப்பு. பென்சிலை முஷ்டியால் பிடித்தார்கள். போதாததற்கு எல்லோர் முகத்திலும் மாஸ்க். மற்றதைக்கூடச் சமாளித்துவிடலாம். ல, ள, ழ சொல்லித் தர டீச்சரின் வாயைக் குழந்தை பார்த்தாக வேண்டும். 'ல'வுக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடும். 'ள'வுக்கு மடிந்து அண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கு மடியும், ஆனால் தொடாது. துணிக்குப் பின்னால் இதை எப்படிக் காட்டுவது?

அம்மாக்களிடம் சொல்லி அனுப்பினேன். தலை சீவும்போது கண்ணாடி முன்னால் பிள்ளையோடு நின்று பல், பள்ளம், பழம் என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுத்துப் பாம்பு மாதிரி உருட்டி 'ட' செய்யச் சொல்லுங்கள், விரலுக்குப் பலம் வரும். கோலப் பொடியிலும் போடலாம். அஞ்சு நிமிஷம் போதும், அதட்ட மட்டும் வேண்டாம். உங்கள் வீட்டு வாண்டுகளுக்கும் செய்து பாருங்களேன். ஒரு அம்மா, "எனக்கே இப்பத்தான் டீச்சர் 'ழ' வருது" என்றார்!

அதே 2021-ல் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியது. எங்கள் ஊரில் மாலை வகுப்பு எடுத்தவர் பன்னிரண்டாவது படித்த ஒரு இளம் தாய். மடியில் கைக்குழந்தை, எதிரே என் பிள்ளைகள். "ண, ந, ன எப்படிச் சொல்லித் தர்றது டீச்சர்?" என்று ராத்திரி போன் செய்வார். அவருடைய பொறுமை எனக்குக்கூட வராது.

'போனை விட்டு வெளியே வந்த' டீச்சரைப் பார்த்த அந்தப் பெண், மறு வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் தலை நிமிர்ந்து "படம்!" என்றாள். ஒரு வருஷத்துக்கு மேல் தாமதம். ஆனால் முகம் அதே முகம்.

2025 ஜூனில் அந்த 18 பேரும் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். சந்தையில் என்னைப் பார்த்தால் வெட்கப்பட்டு அம்மாவுக்குப் பின்னால் ஒளிகிறார்கள். அவள் மட்டும் கிட்டே வந்து பேசினாள். தம்பி ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறானாம். ட, ப எல்லாம் அவளே சொல்லித் தந்துவிட்டாளாம். 'ழ'தான் இன்னும் வரவில்லையாம். தினமும் கண்ணாடி முன்னால் நிறுத்தி வைக்கிறாளாம்.