உங்க டிகிரிக்கு நீங்களே மார்க் போடுங்க!

இன்டர்னல், மாடல், செமஸ்டர்னு வருஷம் பூரா நமக்கு மார்க் போடுறாங்க. ஒரு மாறுதலுக்கு நாம அவங்களுக்குப் போட்டா என்ன? நீங்க படிக்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரிக்கு எத்தனை மார்க் தருவீங்க? இதைக் கட்டாயம் யோசிச்சு வைங்க. ப்ளஸ் டூ முடிச்ச உங்க தம்பியோ பக்கத்து வீட்டுத் தங்கச்சியோ ரிசல்ட் வந்த மறுநாளே உங்ககிட்டதான் வரப் போறாங்க. "அண்ணே, எந்த காலேஜ்ல சேரலாம்?"

முதலில் பலர் பார்ப்பது பல்கலைக்கழகத்தின் பெயரை. அந்தப் பெயர் எவ்வளவு நிலையானது என்று விழுப்புரத்துக்காரர்களிடம் கேளுங்கள். 1968-ல் ஆரம்பித்த அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் அந்தக் காலத்தில் படித்த அப்பாவின் சர்ட்டிஃபிகேட்டில் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கும். 2010 வாக்கில் படித்த அக்காவுடையதில் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். இப்போது படிக்கிற உங்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். நடுவில் 2021-ல் விழுப்புரத்துக்கே சொந்தமாக டாக்டர் ஜெ.ஜெயலலிதா பல்கலைக்கழகம் என்று ஒன்று வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் அதை அண்ணாமலையோடு இணைக்கச் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. கல்லூரி அதேதான், பெயர்தான் மாறிக்கிட்டே இருக்கு. அதனால பெயருக்கு மார்க் கம்மியாவே போடுவோம்.

அடுத்தது, இன்ஜினீயரிங். விழுப்புரம் காகுப்பத்திலும் திண்டிவனம் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டுமே 2008-ல் தொடங்கியவை. திண்டிவனத்தில் பஸ் ஏறித் தாம்பரம் போய் இறங்குவதற்குள் ஜி.எஸ்.டி. ரோடு நெடுக எத்தனை காலேஜ் ஹோர்டிங் கண்ணில் படுகிறது! அந்தக் கல்லூரிகளில் தன்னாட்சி பெறாதவை எல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை என்றால், அங்கே நடத்துகிற சிலபஸும் செமஸ்டர் கேள்வித்தாளும் மேல்பாக்கத்தில் இருக்கிறதேதான். ஃபீஸ் மட்டும்தான் வேற! தன்னாட்சிக் கல்லூரிகள் சிலபஸைத் தாங்களே வகுத்துக்கொள்ளும். அங்கே மட்டும் அதை வாங்கிப் படித்துப் பாருங்கள்.

சிலபஸ் ஒன்று என்றால் வித்தியாசம் எங்கே? நடத்துகிறவர்களிடம்தான். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு குட்டை உடைத்தது. ஒரே ஆசிரியரை ஒரே நேரத்தில் பல இன்ஜினீயரிங் கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். அப்படிக் காட்டியதாகச் சிக்கியவை 200-க்கும் மேற்பட்ட கல்லூரிகள். அதனால் வெப்சைட்டில் இருக்கிற ஃபேகல்டி லிஸ்ட்டைப் பார்த்து மயங்காதீங்க. சீனியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஃபர்ஸ்ட் இயர்ல உங்களுக்கு புரோகிராமிங் எடுத்தவர் இப்பவும் இங்கே இருக்காரா?" செமஸ்டருக்கு ஒரு முகம் வந்து போகிற டிபார்ட்மென்ட்டில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எப்படிப் புரியும்? அரசு கலைக் கல்லூரிகளில் நிறைய வகுப்புகளை எடுப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பிரமாதமாக நடத்துகிறவர்கள் அவர்களில் உண்டு. அடுத்த வருஷம் இருப்போமா என்பது அவர்களுக்கே நிச்சயமில்லை, அதுதான் வேதனை.

என் கணக்கில் பாதி மார்க் லேபுக்குத்தான். ஏசி போட்டிருக்கா, எல்.சி.டி. மானிட்டரா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். நாலு மணிக்கு மேல் திறந்திருக்குமா? சென்னைப் பையனுக்கு வீட்டிலேயே லேப்டாப் இருக்கலாம். செஞ்சி, மயிலம் பக்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வருகிறவருக்கு காலேஜ் லேப்தான் எல்லாம். போனில் கோடு அடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். ரெண்டு பேருக்கு ஒரு சிஸ்டம், ஒருத்தர் டைப் பண்ண இன்னொருத்தர் வேடிக்கை, அப்புறம் ரெக்கார்டு நோட்டில் போன வருஷ சீனியர் எழுதினதை அப்படியே காப்பி... இப்படி மூணு வருஷம் ஓடினால் இன்டர்வியூவில் ஒரு லூப் எழுதச் சொல்லும்போது கை நடுங்கும். ஃபைனல் இயர் புராஜெக்ட் சங்கதியும் இதேதான். காசு கொடுத்து சென்டரில் வாங்கி வந்த புராஜெக்ட்டை டிபார்ட்மென்ட் கண்டுக்காமல் விட்டால் தயங்காமல் மார்க்கைக் குறைங்க.

பிளேஸ்மென்ட்டுக்கு வருவோம். '12 லட்சம் பேக்கேஜ்' என்று ஒரே ஒரு சிரித்த முகத்தை ஹோர்டிங்கில் போடுவார்கள். ஐந்து பேருக்கு வேலை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். வருஷச் சம்பளம் 2.4, 2.5, 3, 3.5, 12 லட்சம். சராசரி 4.68 லட்சம் என்பார்கள், பொய் இல்லைதான். ஆனால் வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்குவது 3 லட்சம். இந்த நடுச் சம்பளத்தை மீடியன் என்கிறார்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற கல்லூரிகள் இந்த மீடியனையும், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேலே படிக்கப் போனார்கள் என்பதையும் தந்தாக வேண்டும். ரேங்க் எத்தனை என்பதை விட்டுவிட்டு அந்தத் தகவல் பக்கத்தைத் தேடுங்க. உங்க ஹோர்டிங் நாயகர் எத்தனை பேரில் ஒருவர் என்பது புரிந்துவிடும்.

பி.எஸ்சி.யா, பி.சி.ஏ.வா, பி.இ.யா என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூணு வருஷ டிகிரி முடித்து எம்.சி.ஏ. போவது இப்போது லாபம்தான். 2020-21 முதல் எம்.சி.ஏ. இரண்டே வருஷம். கணக்கை மட்டும் விட்டுடாதீங்க. ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் என்று புதுப் பெயர் வைத்த பிராஞ்சுகளுக்காகக் கூடுதல் காசு கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், டி.பி.எம்.எஸ்., நெட்வொர்க்ஸ் உருப்படியாகத் தெரிந்தால் மற்றது தானா வரும்.

சரி, நான் என்ன சொல்லுவேன்? காகுப்பத்திலோ மேல்பாக்கத்திலோ சீட் கிடைத்தால், சுமாரான ஒரு தனியார் கல்லூரிக்கு லட்சக்கணக்கில் லோன் போடுவதைவிட இங்கேயே சேரச் சொல்லுவேன். மிச்சமாகிற பணத்தில் ஒரு நல்ல லேப்டாப் வாங்கலாம். கம்பெனிகள் வரிசைகட்டி வாசலுக்கே வரும் என்று மட்டும் கனவு காணாதீங்க, ஆஃப் கேம்பஸுக்கு ரயில் ஏற வேண்டியிருக்கும். 2024 பிப்ரவரியில் வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பார்க் திறந்தார்கள். அங்கே இருக்கிற கம்பெனிகளோடு உங்க டிபார்ட்மென்ட் ஒரு தடவையாவது பேசியிருக்கா என்று ஹெச்.ஓ.டி.யிடம் கேளுங்க. அதுக்கும் மார்க் உண்டு!

தம்பியைக் கூட்டிக்கொண்டு காலேஜ் பார்க்கப் போகிறீர்களா? கோட்டு சூட்டு போட்டு வரவேற்கிற அட்மிஷன் நாளில் போகாதீங்க. செமஸ்டர் நடக்கிற ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் மூன்றரை மணிக்குப் போங்க. லேப் கதவு பூட்டியிருக்கா என்று பாருங்க. பஸ் ஸ்டாப்பில் நிற்கிற தேர்ட் இயர் பசங்களிடம் "கடைசியா எப்போ சொந்தமா ஒரு புரோகிராம் எழுதினீங்க?" என்று கேளுங்க. பதில் வர எவ்வளவு நேரம் ஆகுது என்பதையும் குறிச்சுக்குங்க.