பெட்ரோல் கார் வாயுவில் ஓடும்போது

கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போதும், நிலத்தடி இயற்கை வாயுவிலிருந்து பிரித்தெடுக்கும்போதும் கிடைக்கிற புரொப்பேன், பூட்டேன் ஆகிய இரண்டு பொருள்களும் இயல்பில் வாயுக்களே ஆயினும், மிதமான அழுத்தத்தில் அடைத்தால் ஏறக்குறைய 250-இல் ஒரு பங்கு இடத்துக்குள் ஒடுங்கித் திரவமாகிவிடும் விசேஷ குணம் படைத்தவை. நம் அடுக்களையில் நீலச் சுவாலையாக எரிவதும், சென்னை நகரத்து ஆட்டோக்களில் பலவற்றை ஓட்டுவதும் எல்.பி.ஜி. எனப்படும் இந்தக் கலவைதான். பெட்ரோலுக்கென்று செய்த குடும்பக் காரில் கேஸ் கிட் போட எண்ணுகிறவர்கள் முதலில் விசாரிப்பது கிட்டின் விலையையும் மைலேஜையும்தான். அவை விசாரிக்க வேண்டியவையே. ஆனால் அடைத்து வைத்தால் திரவம், அவிழ்த்து விட்டால் வாயு என்ற அந்த ஒரு குணத்தை மனத்தில் நன்றாக வாங்கிக்கொண்டவருக்கு, மெக்கானிக் பொருத்துகிற ஒவ்வோர் உறுப்பும் எதற்காக வந்தது, எதைத் தவிர்த்தால் என்ன விபரீதம் நேரும் என்பதெல்லாம் பிறர் சொல்லாமலே விளங்கிவிடும்.

இந்தக் குணத்தை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் வால்டர் ஸ்னெல்லிங் என்ற அமெரிக்க ரசாயன விஞ்ஞானி. அந்நாட்டுச் சுரங்கத் துறையில் பணியாற்றிய அவர், அக்காலத்துப் பெட்ரோல் பாத்திரத்தில் நில்லாமல் ஆவியாய்ப் பறந்துகொண்டே இருப்பதன் காரணத்தை 1910-இல் ஆராயப் புகுந்து, அதில் கலந்திருந்த புரொப்பேனும் பூட்டேனுமே அந்தச் சேதத்துக்கு மூலம் என்று கண்டார். கண்டதோடு நில்லாமல், விரயமாகிய அதே வாயுக்களைப் பிரித்துத் திரவமாக்கிச் சேமிக்கும் வழியையும் வகுத்து, 1913-இல் காப்புரிமை பெற்றார். பெட்ரோலிலிருந்து வேண்டாத பொருளாக விலக்கப்பட்டது, பின்னாளில் பெட்ரோலுக்கே மாற்றாக மோட்டார் யந்திரத்துக்குள் திரும்பி வந்தது.

இனி வண்டிக்கு வருவோம். டிக்கியில், பெரும்பாலும் ஸ்டெப்னி சக்கரம் கிடக்கும் பள்ளத்தில் அதே வட்ட வடிவமாக அமர்த்தப்படும் எஃகுத் தொட்டிக்குள், வெயில் காலத்தில் கலவையின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் ஏழெட்டு மடங்கு இருக்கும். புரொப்பேன் மிகுந்திருந்தால் அதற்கு மேலும் போகும். சி.என்.ஜி. எனப்படும் இயற்கை வாயுவை 200 மடங்கு அழுத்தித் தடித்த உருளையில் அடைக்க வேண்டியிருப்பதோடு இதை ஒப்பிட்டால், சிறிய காருக்கு எல்.பி.ஜி. ஏன் இசைந்து வருகிறது என்பது தெரியும். ஆனால் இந்தத் திரவத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 15 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடேறும் தண்ணீர் நூற்றில் ஒரு பங்குகூடப் பெருக்காதிருக்க, புரொப்பேன் அதே சூட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் பெருத்துவிடும். திரவத்தை நசுக்கிச் சிறிதாக்க முடியாதாகையால், விளிம்பு வரை நிரப்பிய தொட்டியை மே மாத வெயிலில் நிறுத்தி வைத்தால், அந்தப் பெருக்கம் முழுவதையும் எஃகுச் சுவரே தாங்கியாக வேண்டும். ஆகவேதான் நூற்றுக்கு எண்பது பங்கு நிரம்பியதும் தானாக மூடிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று தொட்டியின் வாயில் இருக்கிறது. வாயு நிரப்பும் பங்க்கில் 'முழு டாங்க் போடுங்கள்' என்று கேட்டும் ஐந்தில் ஒரு பங்கு காலியாகவே நிற்பது அந்தப் பெருக்கத்துக்கு ஒதுக்கிய இடமேயன்றி, நம்மை ஏமாற்றியதாகாது. குழாய் அறுந்து திரவம் பீறிடத் தொடங்கினால் அந்தக் கணமே அடைத்துக்கொள்ளும் வால்வு, அழுத்தம் வரம்பு மீறினால் வாயுவை வெளியேற்றும் வால்வு, அளவு காட்டும் முள் ஆகிய யாவும் அதே வாயில்தான் ஒன்றாக அமைந்திருக்கின்றன. அவற்றின் மேல் காற்றுப் புகாத மூடியிட்டு, கசிவு ஏதும் நேர்ந்தால் அது காரின் அடிவழியாக வெளியே போகும்படி குழாயும் இறக்கியிருப்பார்கள்.

தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் வழியே முன்புறம் வரும் திரவம், ரெடியூசர் என்ற சிறு உலோகப் பெட்டியை அடைகிறது. கிட்டின் உயிர்நிலை இதுவே என்பது என் கருத்து. அழுத்தம் தணிந்ததும் திரவம் ஆவியாகத் துடிக்கிறது. ஆவியாவதற்கு உஷ்ணம் வேண்டும். ஒரு கிலோ எல்.பி.ஜி. ஆவியாகத் தேவைப்படும் உஷ்ணம், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் உஷ்ணத்துக்குக் குறைந்ததன்று. அவ்வளவையும் கொடுப்பதற்காகவே, யந்திரத்தைச் சுற்றி வரும் ரேடியேட்டரின் சுடுநீரை இரண்டு ரப்பர் குழாய்களால் இந்தப் பெட்டியைச் சுற்றியும் ஓடவிடுகிறார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துபோனாலோ, குழாய்க்குள் காற்றுக் குமிழி சிக்கினாலோ என்ன ஆகும் என்பதைப் பட்டறைக்காரர்கள் அடிக்கடி காண்கிறார்கள்: சென்னையின் சித்திரை வெயிலில், கை வைத்தால் சுடும் யந்திரத்துக்குப் பக்கத்திலேயே, அந்தப் பெட்டியின் மேல் வெண்பனி பூத்து, உதிர்ந்த உப்பைப் போல் படிந்திருக்கும். புரொப்பேன் கொதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரியில் என்ற பாடநூல் வாக்கியத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. குளிர்ந்த யந்திரத்தைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, நீர் சூடேறிய பிறகே வாயுவுக்கு மாற்ற வேண்டும் என்ற நியமமும் இதிலிருந்தே பிறந்தது. இக்காலத்துக் கிட்டுகளில் நீரின் சூட்டைப் பார்த்து அந்த மாற்றம் தானாகவே நிகழ்ந்துவிடுகிறது.

வாயுவுக்கு மாறிய பின் 'பிக்கப் குறைந்துவிட்டது' என்று பலரும் குறைப்படுகிறார்கள். அந்தக் குறை மெய்யானதே. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை சக்தி குறையக்கூடும், முக்கியமாகக் காற்றுக் குழாயின் தொண்டையில் வாயுவைக் கலந்துவிடும் பழைய மிக்ஸர் முறையில். பெட்ரோல், சிறு திவலைகளாகக் காற்றோடு சேர்ந்து அங்கேயே ஆவியாகிறது. ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருப்பதால் சிலிண்டருக்குள் அதிகமாகப் புகுகிறது. எல்.பி.ஜி.யோ தன் குளிர்ச்சி முழுவதையும் ரெடியூசரில் சுடுநீருக்கே கொடுத்துவிட்டு வருவதோடு, வாயுவாக வந்து காற்றுக்குரிய இடத்தில் ஒரு பகுதியையும் தானே பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலிலும் தனித்தனியே வாயுவைச் செலுத்தும் புதிய முறையில் இந்தக் குறை பெரிதும் தணிகிறது. எல்.பி.ஜி.க்கு ஆக்டேன் எண் பெட்ரோலைவிட அதிகமாதலால், யந்திரத்தின் அழுத்த விகிதத்தை உயர்த்தி இழந்த சக்தியை மீட்கலாம் என்பது சாஸ்திரப்படி சரியே. ஆனால் அதே யந்திரம் பெட்ரோலிலும் ஓட வேண்டியிருப்பதால், குடும்பக் காரில் அந்த வாய்ப்பு கைகூடுவதில்லை.

வால்வுகளின் நிலைமை இன்னும் கவனத்துக்குரியது. ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி வார்ப்பிரும்பில் செய்த பழைய யந்திரங்களில், ஈயத்தின் படிவே வால்வுக்கும் அது அமரும் சீட்டுக்கும் இடையே மெத்தைபோல் இருந்து தேய்மானத்தைத் தடுத்தது. இந்தியா முழுவதும் ஈயம் நீக்கிய பெட்ரோல் வந்தது 2000-ஆம் ஆண்டில், வாகனங்களில் எல்.பி.ஜி.யை அனுமதிக்க மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஈரப்பசையே இல்லாமல் எரியும் வாயுவில், கடினப்படுத்தாத சீட்டுகள் சிறிது சிறிதாகத் தேய, வால்வு மேலேறி, டேப்பட் இடைவெளி குறைந்து, கடைசியில் வால்வு முழுதும் மூடாமலே நின்று கருகிப்போகிறது. சீட்டு தேயத் தேயச் சத்தம் அதிகரிப்பதற்குப் பதில் யந்திரம் மேலும் அமைதியாக ஓடுவதால், சொந்தக்காரர் மகிழ்ந்திருக்கும் வேளையிலேயே நாசம் நடந்துகொண்டிருக்கும். பழைய வண்டிக்குக் கிட் போடுகிறவர்கள் கடினமான சீட்டுகளை மாற்றிக்கொள்வதும், டேப்பட்டை அடிக்கடி அளந்து பார்ப்பதும் உசிதம்.

இவையெல்லாம் யந்திரத்தைப் பற்றியவை. மனித உயிரைப் பற்றிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை எத்தனை முறை சொன்னாலும் தகும். முறையான கிட்டுக்குச் செலவாகும் என்று அஞ்சி, சமையலுக்கு வரும் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரை ஆம்னி வண்டியின் இருக்கைக்கு அடியில் கிடத்தி, ரப்பர் குழாய் ஒன்றை முன்புறம் இழுத்துவிடும் வழக்கம் நம் ஊர்களில் வேரோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியவில்லை. அடுப்படியில் அசையாமல் நிமிர்ந்து நின்று, மேற்புறத்து ஆவியை மட்டும் மெதுவாகக் கொடுப்பதற்கென்று அமைந்தது அந்தச் சிலிண்டர். படுக்க வைத்தால் வெளியே வருவது ஆவியன்று, திரவம். குழாய் அறுந்தால் அடைத்துக்கொள்ளும் வால்வும் அதற்கு இல்லை, கசிவை வெளியேற்றும் மூடியும் இல்லை. கால் லிட்டர் திரவம் வெளிவந்தால் அது அறுபது லிட்டருக்குக் குறையாத வாயுவாகிவிடும். காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமான அந்த வாயு ஜன்னல் வழியாக மேலே போகாமல், பிள்ளைகள் கால் வைத்திருக்கும் தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும். பள்ளிக் குழந்தைகளைத் திணித்துக்கொண்டு போகும் வண்டியில் இதைச் செய்கிறவர், தாம் மிச்சப்படுத்தும் காசு எதன் மீது பணயம் வைக்கப்பட்டது என்பதை ஒரு முறையேனும் எண்ணிப் பார்த்தால் போதும். வீட்டுச் சிலிண்டரிலிருந்து காரின் தொட்டிக்கு மோட்டார் வைத்து ஏற்றிக்கொள்வதும் அபாயத்தில் இதற்குச் சளைத்ததல்ல. இரண்டுமே சட்டப்படி குற்றங்கள்.

செலவுக் கணக்கைப் பொறுத்த வரையில், ஒரு லிட்டர் எல்.பி.ஜி.யில் அடங்கிய சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. பெட்ரோலில் 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி வாயுவில் 12 கிலோமீட்டரே கொடுத்தால் யந்திரத்தில் கோளாறு என்று எண்ண வேண்டாம். வாயுவின் விலை பெட்ரோல் விலையில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே எவ்வளவு இருக்கிறதோ அதுவே ஆதாயம். தினமும் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு அது கிட்டின் விலையை விரைவில் ஈடுகட்டும், வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கும் கடைக்கும் போய்வரும் வண்டிக்கு ஈடுகட்டாது. புகையில் கரியமில வாயு நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் குறைவதும், கரித்துகள் அதிகம் சேராமல் யந்திர எண்ணெய் நெடுநாள் சுத்தமாக இருப்பதும் உபரி லாபங்கள்.

அங்கீகாரம் பெற்ற கிட்டையே அங்கீகாரம் பெற்ற இடத்தில் பொருத்தி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புக்கில் எரிபொருள் மாற்றத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். இல்லையேல் விபத்து நேர்ந்தபோது இன்ஷூரன்ஸ் கைவிடக்கூடும். வண்டியைத் திரும்பப் பெறும்போது, ஒவ்வொரு குழாய் இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிக் காட்டும்படி மெக்கானிக்கைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கசிவு இருந்தால் நுரை அங்கே குமிழ்விடும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொட்டியைக் கழற்றிப் பரீட்சை செய்விக்க வேண்டும். வாயு இருக்கிறதே என்று பெட்ரோல் டாங்கை வறள விடுவதும் தவறு. டாங்குக்குள் மூழ்கியிருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பது அந்தப் பெட்ரோலேயாதலால், கால் டாங்க் அளவாவது எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, வாரத்தில் சிறிது தூரம் பெட்ரோலிலேயே ஓட்டிவந்தால் பம்ப்பும் இன்ஜெக்டர்களும் பழுதின்றி இருக்கும்.