முதுகெலும்பின் அடிப்பாகம் தளர்ந்தால்

நாற்று நடுதல், களை பறித்தல், கதிர் அறுத்தல், மூட்டை சுமத்தல் ஆகிய வேலைகள் யாவும் இடுப்பை ஆதாரமாகக் கொண்டவை. ஆகவே, குடியானவர் இல்லங்களில் குறுக்குவலி பெரிதும் காணப்படுவதில் வியப்பில்லை. பெரும்பாலான வலிகள் சில வாரங்களில் தாமே தணிந்துவிடும். சிலருக்கு மட்டும், முதுகெலும்பின் அடிப்பாகம் தன் நிலையில் உறுதியாக நில்லாது அசைவதனால் வலி மீண்டும் மீண்டும் உண்டாகிறது.

இடுப்புப் பகுதியில் 5 முள்ளெலும்புகள் அடுக்காக அமைந்துள்ளன. அவற்றினிடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. சிறு மூட்டுகளும் இணைப்பு நார்களும் அவற்றைப் பிணைக்கின்றன. வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும், நட்ட கம்பத்தை நாற்புறமும் இழுத்துக் கட்டிய கயிறுகளைப் போல் அவற்றைத் தாங்குகின்றன. எலும்பும் நாரும், தசைகள், அவற்றை இயக்கும் நரம்புகள் என்னும் மூன்றும் சேர்ந்தே இடுப்புக்கு உறுதி அளிக்கின்றன என்று பஞ்சாபி என்னும் அறிஞர் 1992ஆம் ஆண்டில் விளக்கினார். இவற்றுள் ஒன்று தளர்ந்தால், மற்றவை ஓரளவு ஈடுசெய்யக்கூடும். சிகிச்சையின் அடிப்படை இதுவே.

வயது முதிர்வதனால் வட்டுகள் தேய்வதும், இளமையில் எலும்பின் பின்வளைவில் விரிசல் விழுவதும் இத்தளர்ச்சிக்குக் காரணங்களாகும். சிலருக்கு ஓர் எலும்பு அடுத்ததன் மேல் முன்னோக்கி நழுவுவதுமுண்டு. தேய்வினால் நேரும் நழுவல் 50 வயதைக் கடந்த பெண்களிடம் மிகுதி. குனிந்து நிமிர்கையில் பிடித்துக்கொள்ளுதல், நெடுநேரம் நின்றால் வலித்தல், வலி காலுக்கு இறங்குதல் ஆகியவை அறிகுறிகள். தேவையெனக் கண்டால், மருத்துவர் முன்னும் பின்னும் வளையச் செய்து எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்பார்.

நாட்கணக்கில் படுத்திருத்தல் தசைகளை மேலும் மெலியச் செய்யும். இயன்றவரை நடமாடுவதே நன்று. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குதல் போன்ற பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் கற்று நாள்தோறும் செய்து வருதல் வேண்டும். இடுப்புப் பட்டையைச் சில காலமே அணியலாம். முதுகை மிதிக்கச் செய்வதும் முறுக்கி இழுப்பதும் ஆபத்தானவை. அறுவைச் சிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படும்.

சிறுநீர், மலம் கட்டுப்படாமை அல்லது சிறுநீர் கழிக்க இயலாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கால்கள் வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால், ஒரு நாளும் தாமதியாது பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் கேடு நிலைத்துவிடக்கூடும்.

சுமை தூக்குகையில் முழங்காலை மடித்து, சுமையை உடலோடு அணைத்து, இடுப்பைத் திருகாமல் எழுதல் வேண்டும். வயதுவந்த ஆண் தொழிலாளி ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்றும், பெண்களுக்கு அதனினும் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும் என்றும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. இடுப்புத் தளர்ந்தவர்களுக்கு இவ்வளவும் மிகையே.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் களத்துமேடுகளில் மூட்டை ஏற்ற இடுப்புயர மேடை அமைக்கலாம். நின்றபடியே களை எடுக்கும் உருளைக் கருவிகளை ஊர்ப் பொதுவில் வாங்கி வைக்கலாம். வலி வந்தபின் செய்யும் செலவைவிட இவற்றுக்காகும் செலவு சிறிதேயாம்.