காலில் குறை, கண்ணில் மிகை: ரத்தக் குழாய் வளர்ச்சி



சுங்கைப் பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பெரியவர்கள் பலர் சொல்வது இது: "இனிப்புநீர் வந்ததிலிருந்து கால் புண் ஆறவே மாட்டேங்குது. கண்ணும் மங்கலா தெரியுது." சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அதிகம்.

இரண்டு தொல்லைக்கும் பின்னால் ஒரே சமிக்ஞைதான் இருக்கிறது.

சமிக்ஞை செல்லும் வழி

1. திசுவில் உயிர்வளி போதுமான அளவு இருந்தால், எச்.ஐ.எஃப்-1 ஆல்பா என்ற புரதம் உடனுக்குடன் சிதைக்கப்படும்.
2. உயிர்வளி குறைந்தால் அது சிதையாமல் உட்கருவுக்குள் சென்று, வி.இ.ஜி.எஃப். மரபணுவை இயக்கும்.
3. உயிரணு வெளியிடும் வி.இ.ஜி.எஃப்., அருகிலுள்ள ரத்தக் குழாயின் உட்சுவர் உயிரணுக்களிலுள்ள ஏற்பியில் பொருந்தும்.
4. ஓர் உயிரணு முனையாக முன்னேறும். பின்னால் உள்ளவை பெருகிக் குழாயாகும்.

உயிர்வளியை உயிரணு உணரும் இந்த முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கே பிசகுகிறது?

கண்ணில்: சர்க்கரை மிகுதியால் விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபடுகின்றன. உயிர்வளி குறைய, வி.இ.ஜி.எஃப். மிகுகிறது. புதிதாக முளைக்கும் குழாய்கள் பலவீனமானவை, கசியும், உடையும். அதனால்தான் வி.இ.ஜி.எஃப்.ஐத் தடுக்கும் ரானிபிசுமாப் போன்ற மருந்துகளைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள்.

காலில்: அதே சர்க்கரை எச்.ஐ.எஃப்-1 வேலையை மந்தமாக்குகிறது. சமிக்ஞை பலவீனமாகி, புதுக்குழாய் போதிய அளவு வருவதில்லை. நரம்புப் பாதிப்பும் கிருமியும் சேர்ந்தால் புண் முற்றுகிறது. இங்கே தேவை, தூண்டும் சிகிச்சை. பி.டி.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி அடங்கிய களிம்பு 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ரப்பர் பாலிலிருந்து பிரித்த புரதப் பகுதி ஒன்று, கோழிக்கருச் சவ்வில் புதுக்குழாய்களைத் தூண்டியதைப் பிரேசில் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதற்காக மரத்துப் பாலை நேரே புண்ணில் தடவிவிடாதீர்கள்! ஒவ்வாமையும் தொற்றும் வரலாம்.

தேர்வில் "வி.இ.ஜி.எஃப். நல்லதா, கெட்டதா?" என்று கேட்டால், இடத்தையும் அளவையும் பொறுத்தது என்று எழுதி, கண்ணையும் காலையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

வீட்டில் தாத்தா, பாட்டிக்கு இனிப்புநீர் இருந்தால் இன்றே கேளுங்கள்: "கடைசியா எப்போ கண்ணைக் காட்டினீங்க?" தொடக்கத்தில் விழித்திரைப் பாதிப்பு வெளியே தெரியாது. பாதத்தையும் தினம் பார்க்கச் சொல்லுங்கள்.