நீண்ட முகவரியும் குறுக்கு வழியும்

எமது மாதர் சங்கத்தில் பனையோலைப் பெட்டி, ஒடியல் மா, மிளகாய்த்தூள் முதலியவற்றைச் செய்து விற்கும் பெண்கள் பலர் இருக்கின்றோம். யுத்தத்தில் கணவனை இழந்தவர்களும், காணாமற் போன பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவர்களும் எம்மில் உண்டு. வெளியூர் ஓடர்களைப் பெறுவதற்காக இணையத்தில் ஒரு படிவம் வைத்துள்ளோம். சங்கத்தின் கணினி வேலைகளைப் பார்ப்பவள் நான்.

அந்தப் படிவத்தின் முகவரி ஏறத்தாழ நூறு எழுத்து நீளமானது. பொதியின் லேபலில் அதற்கு இடம் போதாது. தொலைபேசியில் சொல்லிக் கொடுக்கவும் இயலாது. ஓர் எழுத்துப் பிழைத்தாலும் பக்கம் திறக்காது. ஓடரும் கைநழுவிப் போய்விடும்.

தமிழில் பெயரிட்ட பக்கமென்றால் சிக்கல் இன்னும் அதிகம். அத்தகைய முகவரியைப் பிரதி எடுத்து ஒட்டும்போது, அது பெரும்பாலும் வீதக் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் கலந்ததாக மாறிவிடும். ‘அம்மா’ என்ற சொல்லைக் கணினி அ, ம, புள்ளி, ம, அரவு என ஐந்து குறிகளாக வைத்திருக்கின்றது. முகவரியில் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்துகளாக விரியும். ஆகவே அம்மாவுக்கு மட்டும் 45 எழுத்துகள்!

இதற்கு ஒரு வழி உண்டு. இடம்பெயர்ந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். பழைய விலாசத்துக்கு வரும் கடிதத்தில் தபாற்கந்தோரார் புது விலாசத்தை எழுதி, நாம் இருக்கும் இடத்துக்கு அனுப்பி வைப்பதுண்டல்லவா? இணையத்திலும் அதேபோன்ற சேவை இருக்கின்றது. நீண்ட முகவரியைக் கொடுத்தால் ஒரு சிறிய முகவரியைத் தருவார்கள். சிறியதை ஒருவர் திறந்ததும், அச்சேவையின் கணினி “நீங்கள் தேடுவது அங்கே இருக்கின்றது” என்று நீண்ட முகவரிக்கு அனுப்பிவிடும். 2002 இல் தொடங்கிய டைனியூஆர்எல், 2008 இல் தொடங்கிய பிட்லி ஆகியன இத்தகைய சேவைகளாகும். டைனியூஆர்எல்லில் முகவரியின் கடைசிப் பகுதிக்கு நாம் விரும்பும் பெயரையும் வைக்கலாம், அது வேறொருவர் எடுக்காத பெயராக இருந்தால்.

ஆயினும் இது இரவல் விலாசம் என்பதை மறக்கக் கூடாது. இரவல் கொடுத்தவர் கடையை மூடினால் நமது வழியும் மூடப்படும். கூகுள் நிறுவனம் 2009 இல் தொடங்கிய சுருக்கச் சேவையை 2019 இல் நிறுத்தியது. ஏற்கனவே கொடுத்திருந்த முகவரிகளிலும் பாவனையின்றிக் கிடந்தவற்றை 2025 ஓகஸ்ட்டில் செயலிழக்கச் செய்தது. டொக்கெலாவ் தீவுகளின் டீகே பெயர்களை இலவசமாக வழங்கிவந்த நிறுவனமும் 2023 இல் புதிய பதிவுகளை நிறுத்தி, 2024 இல் அத்தொழிலையே கைவிடுவதாக அறிவித்தது. ஆயிரம் லேபல் அச்சடித்த பின்னர் இப்படி நேர்ந்தால் நட்டம் யாருக்கு?

ஆகவே நீண்ட காலம் தொழில் செய்ய எண்ணும் சங்கம் சொந்தப் பெயர் ஒன்றை வாங்குவது நல்லது. எமது நாட்டுக்கு எல்கே என்ற ஈறும், 2010 இல் அங்கீகாரம் பெற்ற ‘.இலங்கை’ என்ற தமிழ் ஈறும் உள்ளன. சொந்தப் பெயரிலிருந்து படிவத்துக்கு வழி திருப்பி வைத்தால், நாளை படிவத்தை மாற்றினாலும் லேபலை மாற்ற வேண்டியதில்லை. பெயரைத் தனியாள் ஒருவரின் பேரிலன்றிச் சங்கத்தின் பேரில் பதிவு செய்யுங்கள். உரிய காலத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்கத் தவறினால் பிறர் அதனை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விடயம் மிக முக்கியமானது. சிறிய முகவரி, போகுமிடத்தை மறைத்துவிடும். “உங்களுக்கு உதவித்தொகை கிடைத்துள்ளது, இங்கே அழுத்துங்கள்” என்று எங்கள் சங்கத்து அக்கா ஒருவருக்குக் குறுஞ்செய்தி வந்தது. அது பிட்லி முகவரி. அவ்வகை முகவரியின் இறுதியில் ஒரு கூட்டல் அடையாளத்தைச் சேர்த்துத் திறந்தால், அது எங்கே போகின்றது என்பதை முதலில் பார்க்கலாம். பார்த்தோம். அரச திணைக்களம் எதனோடும் தொடர்பில்லாத ஏதோவொரு பெயர் இருந்தது. அக்கா அச்செய்தியை அழித்துவிட்டார். பிள்ளைகளின் படிப்புக்காகச் சேர்த்த பணம் வங்கியில் பத்திரமாக இருக்கின்றது.

எனவே சகோதரிகளே, இவற்றை நினைவில் வைத்திருங்கள். உதவி, நட்டஈடு, காணாமற் போனோர் பற்றிய தகவல் என்று எந்தச் செய்தி வந்தாலும், அதிலுள்ள சிறிய முகவரியை உடனே அழுத்த வேண்டாம். கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ நேரில் கேளுங்கள். வங்கி இலக்கத்தையும், கைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் எவருக்கும் கொடுக்காதீர்கள். அடையாள அட்டைப் பிரதி, சத்தியக்கடதாசி போன்றவற்றைச் சிறிய முகவரியில் வைத்துப் பகிர வேண்டாம். அது பூட்டு அல்ல. சிறிய முகவரிகளை ஊகித்துப் பிறருடைய ஆவணங்களைத் திறக்கலாம் என்று 2016 இல் ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். லேபல் அச்சடிக்க முன்னர், வேறொருவரின் கைபேசியில் முகவரியைத் தட்டிப் பாருங்கள்.

குறுக்கு வழியால் நடை மிச்சந்தான். அது எந்த வளவுக்குள் கொண்டுபோய் விடுகின்றது என்பதை அறிந்துகொண்டு காலடி எடுத்து வைப்போம்.