ஓ என்று காட்டும் பாம்பே ரத்தம்

அப்பாவுக்கு ஓ வகை ரத்தம், அம்மாவுக்கும் ஓ. குழந்தைக்கு மட்டும் பி. பாடப்புத்தகக் கணக்குப்படி இது நடக்கக் கூடாது. ஆனாலும் அபூர்வமாக நடக்கிறது. அதற்காக யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ரத்த வகைக்கான மரபணு 9-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதற்கு ஏ, பி, ஓ என மூன்று முக்கிய வடிவங்கள், இவையே அல்லீல்கள். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என ஆளுக்கு இரண்டு. ஏ அல்லீல் தரும் நொதி சிவப்பணுவின் மேல் ஒருவகைச் சர்க்கரையை ஒட்டுகிறது. பி தரும் நொதி வேறொரு சர்க்கரையை. ஓ தரும் நொதிக்கு வேலையே ஓடாது. அதனால் மற்ற இரண்டில் எது உடனிருந்தாலும் ஓ ஒடுங்கிவிடும். ஏ-யும் பி-யும் சேர்ந்தாலோ இரண்டும் விட்டுக்கொடுப்பதில்லை. ஏபி வகை பிறக்கிறது.

இந்தச் சர்க்கரைகள் ஒட்டுவதற்கு ஹெச் என்ற மூலக்கூறு முன்பே தயாராக இருக்க வேண்டும். அதை உருவாக்குவது 19-ஆவது குரோமோசோமில் உள்ள இன்னொரு மரபணு. அதன் இரண்டு பிரதிகளும் பழுதாகிவிட்டால் ஹெச் இல்லை. ஆணியே அடிக்காத சுவரில் சட்டையை எங்கே மாட்டுவது? பி அல்லீல் நன்றாகவே இருந்தாலும் சோதனையில் ஓ என்றுதான் வரும். ஒரு மரபணு இன்னொன்றின் விளைவை இப்படி மறைப்பதே எபிஸ்டாசிஸ்.

மேலே சொன்ன தாய் இந்த ரகமாக இருக்கலாம். அவரிடமிருந்து பி அல்லீலும் தந்தையிடமிருந்து பழுதில்லாத ஹெச் மரபணுவும் வந்து சேர்ந்ததும், தாயிடம் மறைந்திருந்த பி குழந்தையிடம் வெளிப்பட்டுவிட்டது.

மருத்துவர் ஒய். எம். பெண்டேயும் சக ஆய்வாளர்களும் 1952-இல் பம்பாயில் கண்டறிந்து வெளியிட்டதால் ஹெச் இல்லாத இந்த ரத்தத்துக்குப் பாம்பே வகை என்று பெயர். இந்த வகையினருக்கு ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. ஓ வகைச் சிவப்பணுக்களில் ஹெச் நிறைந்திருக்கிறது. இவர்களுடைய உடலோ ஹெச்சை அந்நியமாகக் கருதித் தாக்கும். பாம்பே வகை ரத்தம் மட்டுமே சேரும்.

அந்த ரத்தம் தேவைப்படும்போது முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் உடன்பிறந்தவர்கள். பெற்றோர் இருவரிடமும் ஒரு பழுதான பிரதி ஒளிந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாம்பே வகை அமைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில், பெற்றோர் இருவரிடமும் அதே பழுது இருப்பதற்கான வாய்ப்பு இன்னும் கூடும்.